கரண்டி யார் கையில்?

(ஒரு திருச்சபையின் இளைஞர் கூடுகையில், அறுப்பின் பண்டிகையை ஒட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



‘தாராள மனதுள்ளவர்களாக மாறுவது எப்படி?’ என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தொலைபேசியில் இதைக் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் வளர்ந்த காலனியில் ‘தாராள மனசுக்காரர்’ என்று சொன்னால் அது யாரைக் குறிக்கும் என்று எனக்குத் தெரியும். ஊர்த்தெருவில் நிலம் வைத்திருந்தவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். மாட்டுப் பொங்கலன்று அவர்கள் வீட்டுப் பின்வாசலில் நம் ஆட்கள் வரிசையாக நிற்க வேண்டும். பழைய வேட்டியோ சேலையோ, ஒரு படி அரிசியோ, முந்தானையை ஏந்திப் பிடித்தால் மேலிருந்து விழும். கை படாமல் விழும். வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் “மகராசன், தாராள மனசு” என்று சொல்லிவிட்டு வர வேண்டும். வருடம் முழுவதும் குறைத்துக் கொடுத்த கூலிக்கு அன்று ஒரு பழைய சேலை.

என் ஆயா ஒரு வருடம் அந்த வரிசையில் போய் நிற்கவில்லை. “எனக்கு வாணாம்” என்று சொல்லிவிட்டார். அம்மா இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு ஆயா விளக்கம் எதுவும் சொல்லவில்லையாம். அதே ஆயா தினமும் உலை வைக்கும்போது, களைந்த அரிசியில் கை விடுவதற்கு முன்னால், ஒரு பிடி அரிசியை எடுத்து மூலையில் இருந்த பானையில் போடுவார். கோயிலுக்கான பிடி அரிசி. வீட்டில் கஞ்சி மட்டும் காய்ச்சிய நாட்களிலும் அந்தப் பிடி நின்றதில்லை.

பிச்சையாக வாங்க மறுத்தவரும் கொடுப்பதை நிறுத்தாதவரும் ஒரே மனுஷி. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது? இன்று நான் பேச நினைப்பது அதைப் பற்றித்தான்.

முதலில் மறுப்பைப் பார்ப்போம். 1927 மார்ச்சில் மகாடில் நடந்த மாநாட்டை நாம் சவுதார் குளத்துத் தண்ணீருக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அந்த மாநாட்டில் அம்பேத்கர் தன் மக்களிடம் வேறொன்றையும் கேட்டுக்கொண்டார். செத்த மாட்டின் இறைச்சியைத் தின்பதை விடுங்கள், வீசியெறியப்படும் மிச்சத்தை வாங்கிச் சாப்பிடுவதை விடுங்கள் என்று கேட்டார். குளத்தில் இறங்குவதற்கு முந்திய படி அது. அடுத்தவரின் தாராளத்தை மறுப்பதில்தான் நம் அரசியலின் ஒரு பகுதி தொடங்குகிறது. அதனால் ‘கொடுங்கள்’ என்று யாராவது பிரசங்கம் செய்தால், சாதி எதிர்ப்பு அரசியலில் இருக்கும் நமக்குச் சந்தேகம் வருவது நியாயமானது. நான் அதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஆனால் இந்தச் சந்தேகத்தை நாம் வேதாகமத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அது அதற்குள்ளேயே இருக்கிறது.

லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் கடைசி இராப்போஜனத்தின்போது சீடர்களுக்குள் யார் பெரியவன் என்று சண்டை வருகிறது. இயேசு அப்போது ‘உபகாரி’ என்ற சொல்லைக் கையில் எடுக்கிறார். ஆளுகிறவர்கள் தங்களை உபகாரிகள் என்று அழைத்துக்கொள்கிறார்கள், நீங்கள் அப்படி இருக்கக் கூடாது என்கிறார். அந்தக் காலத்துக் கிரேக்க உலகில் அது ஒரு பட்டம். எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களில் இருவர் அதைப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். நகரத்துக்கு மண்டபம் கட்டிக் கொடுத்த செல்வந்தர்களை அதே சொல்லால் கல்வெட்டில் புகழ்ந்தார்கள். இயேசுவின் கோபம் அந்தப் பட்டத்தின் மேல்தான். கொடுப்பவர் உயர்ந்தவர், வாங்குபவர் கடன்பட்டவர் என்ற ஏற்பாட்டையே தன் மேசையிலிருந்து அவர் அகற்றுகிறார்.

இப்போது நம் ஆலயத்தைச் சுற்றிப் பாருங்கள். மின்விசிறியின் இறக்கையில் பெயர். பெஞ்சின் முதுகில் பெயர். குடிநீர்த் தொட்டியில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி அதன் கீழே பட்டப்படிப்புடன் பெயர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகும். யார் எடுத்தார்கள் என்பதை மைக்கில் மூன்று முறை சொல்வோம். நான் ஏலத்தைக் கேலி செய்யவில்லை. சின்ன வயதில் எனக்குப் பிடித்த நாள் அது. ஆனால் எங்கள் கோயிலின் கூரைக்கு, வீடு வீடாகப் போய்ப் பெண்கள் சேர்த்து விற்ற பிடி அரிசிப் பணமும் போயிருக்கிறது. அடிக்கல்லில் அந்தப் பெண்கள் ஒருவரின் பெயரும் இல்லை.

அடுத்து, நமக்கு மிகவும் பழக்கமான ஒரு கதை. எரிகோவின் சகேயு. ஓய்வுநாள் பள்ளியில் அவர் குள்ளமானவர், காட்டத்தி மரத்தில் ஏறியவர் என்று பாட்டுப் பாடியிருப்போம். அவர் ரோமருக்கு வரி வசூலித்தவர்களின் தலைவர். இயேசு வீட்டுக்கு வந்ததும் எழுந்து நின்று இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். சொத்தில் பாதி ஏழைகளுக்கு. யாரிடமாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன். நம் காணிக்கைப் பிரசங்கங்களில் முதல் வாக்கியம்தான் அதிகம் வருகிறது. இரண்டாவது எப்படியோ நழுவிவிடுகிறது.

அந்த நாலு மடங்கு எங்கிருந்து வந்தது? எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தின்படி, தான் செய்த அநியாயத்தை ஒப்புக்கொள்பவர் முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். நாலு மடங்கு என்பது யாத்திராகமத்தில் ஆட்டைத் திருடி விற்றவனுக்கு, அல்லது அடித்துத் தின்றவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை. சகேயு சலுகையான சட்டத்தைத் தனக்குப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. தன்னைத் திருடனின் இடத்தில் வைத்துக் கணக்குப் போடுகிறார். அதைவிட முக்கியம், இரண்டு கணக்கையும் தனித்தனியாக வைக்கிறார். தானம் ஒரு பக்கம், கடன் இன்னொரு பக்கம். இந்த இரண்டும் சொல்லப்பட்ட பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிக்கிறார்.

தானத்தையும் கடனையும் ஒரே பெட்டியில் போட்டுக் கலக்குவதுதான் சாதிச் சமூகத்தின் பழைய தந்திரம். கொடுக்க வேண்டிய கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு பொங்கலுக்குச் சேலை கொடுப்பது அதுதான். அந்தச் சேலையை வாங்கினால் கூலிக் கணக்கு மறைந்துவிடும். ஆயாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கணக்கைக் கேட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25. உலகமெங்கும் ஆலயங்களில் கொடுப்பதின் பண்டிகை கொண்டாடிய நாள். அன்றிரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அந்தப் போராட்டத்தின் மையத்தில் இருந்த கோரிக்கை, கூலியாகக் கூடுதலாக அரைப்படி நெல். அரைப்படி நெல்லைத் தானமாகக் கேட்டிருந்தால் சில பண்ணைகளில் கிடைத்திருக்கலாம். சங்கம் வைத்துக் கூலியாகக் கேட்டார்கள். அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் நிருபம் 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. கிறிஸ்துமஸ் ஆராதனைகளில் அந்த அதிகாரம் வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

ஆதித் திருச்சபையில் இதெல்லாம் சரியாக இருந்ததா? இல்லை. அதனால்தான் எனக்கு அப்போஸ்தலர் நடபடிகள் பிடிக்கும். 4-ஆம் அதிகாரத்தில் எல்லாம் பொதுவாக இருந்தது, தேவையுள்ளவர் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறது. இரண்டே அதிகாரம் தள்ளி, 6-ஆம் அதிகாரத்தில், தினசரி பந்தியில் பாரபட்சம். எபிரெய மொழி பேசிய விதவைகளுக்குக் கிடைக்கிறது, கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபடுகிறார்கள். இருவரும் ஒரே சபை. ஒரே ஞானஸ்நானம். கொடுப்பவர்களின் மனதில் தாராளம் இல்லாமலா போனது? சொத்தை விற்றுக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆனாலும் பந்தியில் ஒரு வரிசைக்குச் சோறு போகவில்லை. மனது தாராளமாக இருப்பதும் சோறு சமமாகப் போவதும் ஒன்றல்ல என்று அந்த அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது.

முறையீடு வந்ததும் அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? நம் கமிட்டிகள் வழக்கமாகச் சொல்வதை யோசித்துப் பாருங்கள். ‘சபைக்குள் பிரிவினை உண்டாக்காதீர்கள்’, ‘ஜெபியுங்கள்’, ‘அடுத்த வாரம் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறோம்.’ அவர்கள் சபையைக் கூட்டி, பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களை வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய விதவைகள் விடுபட்டார்களோ, அவர்களின் பக்கத்திலிருந்தே பரிமாறும் பொறுப்புக்கு ஆள் எடுத்தார்கள் என்றுதான் அந்தப் பெயர்களை நான் வாசிக்கிறேன். விடுபட்டவர்களின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டு அனுப்பிவிடவில்லை. கரண்டியையே அவர்கள் கையில் கொடுத்தார்கள்.

தாராளம் என்ற சொல்லுக்குக் கிறிஸ்தவ அர்த்தம் ஒன்று உண்டென்றால், அது இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் திருச்சபைகள் தலித் கிறிஸ்தவர்களுக்காக டெல்லிவரை குரல் கொடுக்கின்றன. நியாயமான குரல். 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் இசுலாமியர்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் இதற்காகத் தீர்மானம் போட்டது. அரசிடம் நாம் கேட்பது பங்கு. அதே பங்கை நம் திருச்சபையின் பள்ளிகளில், கல்லூரிகளில், மருத்துவமனைகளில், நிர்வாகக் குழுக்களில் யார் வைத்திருக்கிறார்கள்? நியமனங்களின் பட்டியலைப் பொதுவில் வையுங்கள் என்று கேட்டால் உடனே ‘ஆவிக்குரிய சபையில் சாதி பேசலாமா’ என்கிறார்கள். பேசாமல் இருந்தவர்கள் தங்கள் விதவைகளைப் பட்டினி போட்டிருப்பார்கள். பேசியவர்களால்தான் 6-ஆம் அதிகாரம் எழுதப்பட்டது.

இந்த வட்டாரத்துக்கு இதில் ஒரு முன்னுதாரணமும் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் மிஷனரிகள் நிவாரணம் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த பத்தாண்டுகளில் செங்கல்பட்டு வட்டாரத்தில் வேலை செய்த சில மிஷனரிகள், நிவாரணத்தோடு நிற்க முடியாது என்று கண்டுகொண்டார்கள். தங்களிடம் வந்த மக்களுக்குப் பசியைவிடப் பெரிய பிரச்சினை, காலடியில் சொந்தமாக மண் இல்லாதது. வீட்டுமனைகூட மிராசுதாரின் தயவில். அவர்கள் அரசிடம் நிலம் கேட்டு எழுதினார்கள். மக்களும் மனு போட்டார்கள். 1891-இல் ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கை, 1892-இல் வந்த அரசாணை, அதிலிருந்து பஞ்சமி நிலம். அந்த நிலம் பின்னால் எப்படிக் கைமாறியது என்பது தனிக் கதை. அதை மீட்கப்போய் 1994-இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரைவிட்ட ஜான் தாமஸையும் ஏழுமலையையும் நீங்கள் அறிவீர்கள். ஒருவர் பெயர் கிறிஸ்தவப் பெயர், ஒருவர் பெயர் இந்துப் பெயர். மண் இருவருக்கும் பொது.

இதுவரை பேசியது உங்களில் பலருக்கு உவப்பாக இருந்திருக்கும். இனி கொஞ்சம் எனக்கே கசப்பானதைச் சொல்ல வேண்டும்.

‘தர்மம் வேண்டாம், நீதி வேண்டும்’ என்பது சரியான முழக்கம். ஆனால் நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன். யாராவது உதவி கேட்டால், ‘இது தனிநபர் பிரச்சினை இல்லை, கட்டமைப்புப் பிரச்சினை’ என்று விளக்கம் சொல்லிவிட்டுப் பர்ஸைத் திறக்காமல் வந்திருக்கிறேன். கட்டமைப்பு மாறும்வரை அந்த ஆள் சாப்பிட வேண்டுமே! ஆயாவுக்குக் கட்டமைப்பு என்ற சொல் தெரியாது. ஆனால் அவர் பானையில் அரிசி இருந்தது.

திறந்தபோது நான் செய்தது அதைவிட மோசம். விடுதியில் முதலாமாண்டு முதுகலை படித்த ஒரு தம்பிக்கு மெஸ் பாக்கி. கட்டாவிட்டால் சாப்பாடு நிற்கும். எனக்கு உதவித்தொகை வந்த மாதம் அது. கட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். இரண்டு நாள் கழித்து டீக்கடையில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஏழை மாணவர்களின் நிலைமை என்று ஆரம்பித்து, அந்தத் தம்பிக்குக் கட்டியதையும் சொன்னேன். பெயரோடு. அவன் காதுக்கு அது போயிருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து என்னைப் பார்த்தால் நூலகத்தில் வேறு பக்கம் திரும்பினான். ‘என்ன இவன், நன்றி இல்லாதவனா?’ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த எண்ணம் வந்த கணத்தில் ஆண்டை வீட்டுப் பின்வாசல் நினைவுக்கு வந்தது. நான் நின்றது வாசலுக்கு உள்ளே.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற மலைப்பிரசங்க போதனையை அடக்கத்தைப் பற்றிய அறிவுரை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது வாங்குகிறவரின் மானத்தைக் காப்பதற்கான ஏற்பாடு என்று அன்று புரிந்தது. சேலையை மேலிருந்து போட்டவர்களுக்கும் எனக்கும் சாதியில் தூரம் இருக்கலாம். செய்த காரியத்தில் தூரமில்லை. நாம் ஒடுக்கப்பட்டவர்கள் என்பதால் நம் கை தானாகவே சுத்தமாகிவிடாது.

அப்படியானால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, சகேயுவைப்போல இரண்டு கணக்கு வையுங்கள். கொடுப்பதற்கு முன்னால், திருப்பித் தர வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு விடுமுறை நாள் சம்பளம் பிடிக்கிறீர்களா? சபைக் குப்பையை அள்ளுபவருக்கு என்ன கூலி, அதை யார் முடிவு செய்கிறார்கள்? ஆதிக்க சாதிப் பின்னணியிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு இந்தக் கணக்கு நீளமாக இருக்கும். அது கடன். அதை அடைத்துவிட்டு யாரும் கைதட்டல் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு, அளவுகோல். எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்குக் காணிக்கை உறைகளில் உற்சாகமாகக் கொடுப்பவரைப் பற்றிய வசனம் அச்சடித்திருக்கிறோம். அது 2 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரம். அதற்கு ஒரு பக்கம் முன்னால், 8-ஆம் அதிகாரத்தில், எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டும் பவுல், தன் நோக்கம் சமநிலை என்று வெளிப்படையாகச் சொல்கிறார். மன்னாவை உதாரணம் காட்டுகிறார். அதிகம் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை, குறையச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. உறையில் அந்த அதிகாரத்தையும் அச்சடிக்கலாம்.

மூன்று, சேர்ந்து சாப்பிடுங்கள். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் ஏழைகளை நினைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட அதே பவுல், அடுத்த வரிகளிலேயே, அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிடாமல் ஒதுங்கிய பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்ததைச் சொல்கிறார். பணமும் பந்தியும் அவருக்கு ஒரே விஷயம். நம் வரலாறு இதற்கு எதிராகவே ஓடியிருக்கிறது. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து நீக்க உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் வெளியேறினார்கள். ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது, நற்கருணையை யார் யாரோடு வாங்குவது என்பதுதான் தகராறு. ஒரே பாத்திரத்தில் குடிக்க முடியாதவர் எவ்வளவு காணிக்கை போட்டும் என்ன?

நான்கு, வாங்கக் கற்றுக்கொள்ளுங்கள். யோவான் 4-ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் எதையும் கொடுக்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். யூதர்கள் புழங்காத பாத்திரத்தில். அந்தப் பெண்ணுக்கே ஆச்சரியம். எங்கள் காலனிக்கு வரும் நல்ல மனிதர்கள் பலர் நோட்டுப் புத்தகம் கொண்டுவருவார்கள், மருத்துவ முகாம் நடத்துவார்கள். “ஒரு வாய் தண்ணி குடிங்க” என்றால், “இல்லம்மா, இப்பதான் குடிச்சோம்” என்பார்கள். கேட்டுக் கேட்டுப் பழகிய பதில். அவர்கள் கொடுத்த நோட்டுகள் தீர்ந்துவிட்டன. அந்தப் பதிலை யாரும் மறக்கவில்லை. ஒருவரைக் கொடுக்கிறவராக இருக்க விடுவதும் தாராளம்தான்.

ஐந்து, கரண்டியை விடுங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கட்டும். இரவுப் பாடசாலைக்கு நன்கொடை கொடுத்தால் அதன் கமிட்டியில் அந்தத் தெருவின் அம்மாக்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், அவர்களை உட்கார வைப்பதற்கு உங்கள் நாற்காலியைக் கொடுங்கள்.

அந்தத் தம்பியின் கதையை முடிக்காமல் விட்டால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். ஒரு மாதம் கழித்து அவன் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “டீ குடிக்கப் போலாமாண்ணா?” என்றான். கடையில் நான் சட்டைப்பையில் கை வைத்தேன். “நான் தரேன்” என்றான். கையை எடுத்துவிட்டேன். எனக்கு அது சுலபமாக இருக்கவில்லை.

அதன் பிறகு ஏழெட்டுப் பேர் சேர்ந்து விடுதியில் ஒரு டப்பா வைத்தோம். யோசனை அவனுடையது. முடிந்தவர்கள் போடலாம், தேவைப்பட்டவர்கள் எடுக்கலாம், யார் போட்டார், யார் எடுத்தார் என்று எழுதுவதில்லை. ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்டவர்கள் உண்டு. சில மாதம் காலியாகக் கிடந்திருக்கிறது. பிறகு மறுபடியும் நிரம்பியிருக்கிறது. நானும் ஒருமுறை எடுத்திருக்கிறேன், உதவித்தொகை நாலு மாதம் வராதபோது. சாவி இப்போது முதலாமாண்டு மாணவிகளிடம் இருக்கிறது. டப்பாவில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

சாப்பாடு தயாராக இருக்கிறது என்கிறார்கள். இன்று பரிமாறுவது யார் என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். வழக்கமாகப் பரிமாறுகிறவர்கள்தான் இன்றும் என்றால், அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு நாம் நிற்கலாம். வழக்கமாக உட்கார்ந்தே இருப்பவர்களாக இருந்தால் கரண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

ஜெய்பீம்.